இரவல் போன எக்ஸ்ரே

எங்கள் ஆஸ்பத்திரிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களில் பாதிப்பேர் டாக்டரைப் பார்க்க வந்தவர்கள் இல்லை. என்னிடம் படம் எடுத்துக்கொள்ள வந்தவர்கள். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுப்பவர், அவ்வளவுதான். கொல்லிமலையில் பதினோரு வருடம் எக்ஸ்ரே எடுத்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். அந்தப் பதினோரு வருடமும் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் இருந்தேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

மலையில் இடுப்பு வலி இல்லாத வீடு கிடையாது. மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கி மூட்டை கட்டிச் சரிவில் தூக்கிக்கொண்டு வந்து ரோட்டோரம் லாரிக்காகப் போட வேண்டும். தை, மாசியில் உயரமான மரங்களில் ஏணி சாத்தி மிளகு பறிக்க வேண்டும். பறிப்பு முடிந்த கையோடு என் அறை வாசலில் வரிசை நிற்கும். வாழவந்தி நாடு என்கிற மலைப் பகுதியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் நேராக என் கதவைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். "இருக்கறீங்களா, கரண்டு இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சீட்டு வாங்கப் போவார்கள்.

அப்போதிருந்த டாக்டர் நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒரே ஆளாக ஒரு காலைக்குள் அத்தனை கூட்டத்தையும் பார்க்க வேண்டும். வந்தவர்களோ மதிய பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மாத்திரை மட்டும் எழுதினால் முகம் வாடிவிடும். "ஏனுங்க, படம் எழுதலீங்களா? இவ்வளவு தூரத்துலருந்து வந்திருக்கறமுங்களே" என்பார்கள். படம் எடுக்காமல் அனுப்பினால் விருந்துக்கு வந்தவர்களைச் சோறு போடாமல் அனுப்பியது மாதிரி. அதனால் அவரும் பேச்சை வளர்க்காமல் எழுதிக் கொடுத்துவிடுவார். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, ஆளுக்கு இரண்டு படம். சிலர் வருடத்துக்கு மூன்று முறைகூட வந்தார்கள்.

எல்லோருடைய படமும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். சுமை தூக்கிய முதுகு, வயதுக்குத் தகுந்த தேய்மானம். அதில் பார்த்து வைத்தியத்தை மாற்ற எதுவும் இருக்காது. அது எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். ஆனால் எடுத்துக்கொண்டே இருந்தோம்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஈரம் காய்ந்த படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வந்தவர்களுக்குக் காட்டி, "எலும்பெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. ஒண்ணுமில்ல, தைரியமாப் போங்க" என்று சொல்லிவிடுவேன். படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது டாக்டர். என் வேலை எடுப்பதோடு முடிந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் அவர்கள் முகத்தில் வரும் தெளிவு இருக்கிறதே, அதற்கு நான் அடிமையாகியிருந்தேன். டாக்டர் பக்கத்து அறையிலிருந்து கேட்டும் கேட்காதது மாதிரி இருந்துவிடுவார். அவருக்கும் அது ஒரு வேலை மிச்சம்.

கொரோனா வந்த வருடம், மிளகுப் பறிப்பு முடிந்து வரிசை நிற்க வேண்டிய சமயத்தில் பஸ் நின்றுபோனது. மேலே இருந்தவர்கள் மேலே, கீழே இருந்தவர்கள் கீழே. என் வீட்டுக்காரர் காளப்பநாயக்கன்பட்டியில் பள்ளி ஆசிரியர். சனிக்கிழமைதோறும் இறங்கிப் போய் அவரைப் பார்த்துவிட்டு வருவேன். அதுவும் போனது. குவார்ட்டர்ஸில் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, காலையில் நாலு எட்டு வைத்து ஆஸ்பத்திரிக்கு நடந்தால் வராந்தாவில் யாரும் இல்லை. பிலிம் பெட்டி கொண்டுவரும் வண்டியும் எப்போதாவதுதான் மலை ஏறியது. இருமலும் மூச்சுத் திணறலும் உள்ளவர்களுக்கு நெஞ்சுப் படம், விழுந்து அடிபட்டவர்களுக்கு எலும்புப் படம், மற்றதெல்லாம் நிறுத்தம் என்று உத்தரவு.

அப்போதுதான் மாற்றலாகிப் போன பழைய டாக்டருக்குப் பதிலாக ஒரு இளம் டாக்டர் வந்து சேர்ந்தார். கன்னியாகுமரி பக்கத்துப் பெண். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்ணும் ஒரு நெற்றியும் மட்டும்தான் முதல் மூன்று மாதம் எனக்குத் தெரிந்தது. அந்தக் கண்கள் எதையும் சும்மா பார்ப்பதில்லை. வந்த வாரமே என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அதனாலேயே அவர் மேல் கோபப்படுவது கஷ்டமாக இருந்தது, இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே சண்டை போட்டிருப்பேன்.

பஸ் இல்லாத அந்த மாதங்களில் வந்தவர்களும் உண்டு. ஏணியிலிருந்து விழுந்து கை ஒடிந்த ஒருவரை நான்கு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு கர்ப்பிணியைத் தோட்டத்துப் பால் வண்டியில் ஏற்றி வந்தார்கள். ஆனால் இடுப்பு வலி என்று ஒரு ஆள் வரவில்லை. எக்ஸ்ரே ரிஜிஸ்டரில் தேதி போட்டு நான் கோடு கிழித்து வைத்திருந்த பக்கங்களில் முதுகுப் படத்துக்கான இடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தது. பஸ் ஓடத் தொடங்கினால் அணை உடைந்தது மாதிரி வந்து நிற்பார்கள், எனக்குக் கை ஓயாது என்று எண்ணிக்கொண்டேன்.

பஸ் ஓடத் தொடங்கியது. அவர்கள் வரவில்லை. வந்தார்கள், ஆனால் பழைய வரிசையில் கால்வாசி கூட இல்லை.

ஒரு நாள் மதியம் டாக்டர் என் அறைக்கு வந்து எக்ஸ்ரே ரிஜிஸ்டர்களைக் கேட்டார். கொரோனாவுக்கு முந்தைய வருடத்தது, பிந்தையது, இரண்டும். ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு விஷயம் கவனிச்சீங்களா? கை ஒடிஞ்சவங்க குறையவே இல்ல. பஸ் இல்லாதப்பவும் வர வேண்டியவங்க எப்படியாவது வந்துட்டாங்க. நெஞ்சுப் படம் கூடியிருக்கு. முதுகுப் படம் மட்டும் சுத்தமா நின்னுபோச்சு."

"வர முடியல மேடம். பஸ் இல்லையே" என்றேன்.

"சரி. வர முடியாததால அவங்களுக்கு என்ன ஆச்சு? அதைத் தெரிஞ்சுக்கணும். முந்தின வருஷம் முதுகுக்குப் படம் எடுத்தவங்க எல்லாரையும் போன்ல கூப்பிட்டு, இப்ப எப்படி இருக்கீங்கன்னு கேட்டுப் பார்க்கலாமா? யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னா, அந்தப் படமெல்லாம் இல்லாமலே இருந்திருக்கலாம்னு அர்த்தம். இடுப்புப் படத்துக்கு நெஞ்சுப் படத்தை விட எவ்வளவு அதிகமாக் கதிர் போகுதுன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நான் செய்த வேலை வெட்டி வேலை என்று நிரூபிக்க, என்னையே கணக்கெடுக்கச் சொல்கிறது இந்தப் பெண். டெவலப்பர் தொட்டியில் கை வெந்து, டார்க் ரூம் புழுக்கத்தில் நின்று எடுத்த படங்கள். ஒரு படம் மங்கலாக வந்தது என்று யாராவது சொல்லியிருப்பார்களா? "சரிங்க மேடம்" என்று மட்டும் சொன்னேன்.

ஒத்துக்கொண்டதற்கு உண்மையான காரணம் வேறு. படம் எடுக்காததால் நோய் முற்றிப்போனவர் ஒருவராவது கிடைப்பார், அவரைக் கொண்டுபோய் டாக்டர் மேஜை முன்னால் நிறுத்தி, இதற்கென்ன சொல்கிறீர்கள் என்று கேட்கலாம் என்று திட்டம் போட்டேன். ஒருவர் போதும் எனக்கு.

ஈயத் தகடு பதித்த என் அறையில் சிக்னல் வராது. வாசல் பலா மரத்தடியில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிட ஆரம்பித்தேன். ரிஜிஸ்டரில் இருந்த நம்பர்களில் பாதி மகனுடையது, மருமகனுடையது, பக்கத்து வீட்டுக்காரருடையது. ஆளைக் கூப்பிட்டுக் கொடுப்பதற்குள் சேவல் கூவும், யாராவது திட்டுவார்கள், போன் கட்டாகும். அகப்படாதவர்களின் பட்டியலைக் கிராம நர்ஸிடம் கொடுத்தேன். அவர் வீடு வீடாகப் போகும்போது கேட்டுவந்து சொன்னார்.

"வலியா? அது எப்பயோ போயிருச்சுங்க" என்றார் ஒருவர். "எப்படிப் போச்சு?" என்று கேட்டேன். "வந்த மாதிரியே போயிருச்சுங்க." இன்னொரு பெரியவர், வருடத்துக்கு மூன்று முறை வந்தவர், "வலி இருக்குதுங்க, அது பாட்டுக்கு இருக்குது, நான் பாட்டுக்குக் காட்டுக்குப் போறேன். நீங்க சோறு உண்டீங்களா கண்ணு?" என்றார். விசாரிக்க வேண்டிய என்னை அவர் விசாரித்துக்கொண்டிருந்தார். ஒரு அம்மாவிடம் பழைய படங்களை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "பத்திரமா இருக்குதுங்க, ஜன்னல்ல காத்துக்கு அடச்சு வெச்சிருக்கறேன், மழைச் சாரல் ஒரு சொட்டு உள்ள வாரதில்லை" என்றார். என் நேர்த்தியான படங்களுக்கு அப்படியும் ஒரு பயன் இருந்திருக்கிறது.

நாளுக்கு நாள் என் பட்டியலில் "நலம்", "நலம்", "அதே வலி, மோசமில்லை" என்றே நிறைந்துகொண்டு வந்தது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஒரு முழு வருடத்து முதுகுகள், படம் இல்லாமலே தங்கள் பாட்டுக்குச் சரியாகியிருந்தன. நான் இல்லாமலே.

பட்டியல் முடியப் போகிற சமயத்தில், வாழவந்தி நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டேன். நாற்பது வயதுக்கு மேலே, முந்தின வருடம் இரண்டு தடவை வந்தவர்.

"எனக்கு நல்லாருக்குதுங்க" என்றார். "என்ர கொழுந்தனார் சம்சாரந்தான் படுத்த படுக்கையாக் கெடக்குது. எனக்கு இருந்த அதே இடுப்பு வலிதானுங்க. எந்திரிச்சு நிக்க முடியறதில்லை."

எனக்குள் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். கிடைத்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். ஒரு பெண் நிற்க முடியாமல் கிடக்கிறாள் என்று கேட்ட அடுத்த நொடியில், பலா மரத்தடியில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.

"ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரல? பஸ்தான் ஓடுதே" என்று கேட்டேன், டாக்டரிடம் சொல்லப் போகும் வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடி.

"பஸ் இல்லாதப்பத்தானுங்க அதுக்கு வலி ஆரம்பிச்சுது. என்ர படத்தத்தான் அதுகிட்டக் குடுத்து வெச்சிருக்கறேன். ரெண்டு பேருக்கும் ஒரே வலிதானுங்களே. அதான் நீங்களே படத்தப் பார்த்துச் சொல்லிட்டீங்களே, எலும்பு கல்லாட்டம் இருக்குது, ஒண்ணுமில்லைன்னு. அப்புறம் எதுக்குங்க அலையறது?"

பேனாவை மூடிவிட்டேன். மலையில் ஏணி இரவல் போகும், அண்டா இரவல் போகும், கிழங்கு வண்டி இரவல் போகும். எக்ஸ்ரே படமும் போகும் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. படத்தோடு சேர்ந்து என் வார்த்தையும் போயிருந்தது.

டாக்டரிடம் போய்ச் சொன்னபோது, ஒத்திகை பார்த்த வாக்கியம் எதுவும் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் ரிஜிஸ்டரை மூடிவிட்டு எழுந்தார். "வண்டி இருக்கான்னு பாருங்க அக்கா. இப்பவே போயிரலாம்."

ஆஸ்பத்திரி ஜீப் போகிற வரை போய், அதற்கப்புறம் மரவள்ளித் தோட்டத்து வரப்பில் இறங்கி நடந்தோம். கிராம நர்ஸ் முன்னால் போனார். சாரல் வழுக்கலில் நான் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தேன். வீட்டுக்குள் அந்தப் பெண் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. கன்னம் ஒட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. அதற்காக வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

அவள் கணவன், உரக்கக்கூடப் பேசாத மனிதன், உத்தரத்து ஆணியில் காலண்டருக்குப் பின்னால் மாட்டியிருந்த பழுப்பு உறையை எடுத்து வந்தான். வாசல் வெளிச்சத்தில் படத்தைத் தூக்கிப் பிடித்து, டாக்டருக்குக் காட்டினான். மூலையில் என் கையெழுத்தில் நம்பர். ஓரத்தில் வலது பக்கத்தைக் காட்ட நான் வைத்த குறி. பளிச்சென்ற படம், ஒரு நடுக்கம் இல்லாத, குறை சொல்ல முடியாத படம்.

"அப்பப்போ எடுத்துப் பாத்துக்குவமுங்க" என்றான். "எலும்புல ஒண்ணும் காணோம். அதுக்கு மேல இது ஏன் இப்படிப் படுத்துக்குதுன்னு தெரியலீங்க. ரெண்டொருக்கா நானே சத்தம் போட்டுட்டேன்."

பாயிலிருந்து அவள் சொன்னாள்: "ஒண்ணுமில்லைன்னுதானுங்களே சொல்லியிருக்காங்க. எனக்குத்தான் மனசுல பலமில்லை."

எட்டு மாதமாக அவள் அப்படி நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அந்த வாக்கியத்தைக் கேட்டபோது எனக்கு அந்த வீட்டை விட்டு ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

டாக்டர் தரையில் பாயோரமாக உட்கார்ந்தார். சாயங்காலம் காய்ச்சல் வருகிறதா என்று கேட்டார். வருகிறது. உடம்பு இளைத்திருக்கிறதா? ஜாக்கெட்டெல்லாம் தொளதொள. படுத்தாலும் வலி குறைவதில்லையா? இல்லை. கால் மரத்துப் போகிறதா? பத்து நாளாக, செருப்பு கழன்று விழுந்தாலும் தெரிவதில்லை. ஒவ்வொரு பதிலையும் அவள் கேட்டவுடனே சொன்னாள். யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தவள் மாதிரி சொன்னாள். பிறகு டாக்டர் அவளை மெதுவாகத் திருப்பி, கழுத்திலிருந்து விரலால் ஒவ்வொரு எலும்பாகத் தொட்டுக்கொண்டே கீழே வந்தார். இடுப்புக்குச் சற்று மேலே ஒரு இடத்தில் அவள் அலறிவிட்டாள். அந்த இடத்தில் முதுகு லேசாகப் புடைத்திருந்தது. எனக்கே கண்ணுக்குத் தெரிந்தது.

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, இவங்களுக்குப் படம் எடுக்கணும்" என்றார்.

பலகையில் கிடத்தி, முதுகு ஆடாமல் ஜீப் வரைக்கும் தூக்கி வந்தோம். பதினோரு வருடத்தில் எத்தனை முதுகுகளை மேஜையில் படுக்க வைத்திருப்பேன்! அன்றைக்கு எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நானும் பிடித்துக்கொண்டேன். டார்க் ரூமின் சிவப்பு விளக்கில் தொட்டிக்குள் படம் எழும்பி வந்தது. மேலே இருந்து எண்ணிக்கொண்டு வந்தேன். ஒன்றுக்கொன்று அடுத்த இரண்டு எலும்புகள் அரிக்கப்பட்டு, முன்பக்கம் நசுங்கி, நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. முதுகெலும்புக் காசநோய் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அங்கேயே தெரிந்துவிட்டது, இருட்டில் கொஞ்ச நேரம் அழுதேன்.

வெளியே வந்தபோது கணவன் நின்றிருந்தான். "என்னங்க இருக்குது?" என்று கேட்டான்.

"டாக்டர் சொல்லுவாங்க" என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக.

அன்று மாலையே ஆம்புலன்ஸில் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே ஸ்கேன், சீழ் எடுத்துப் பரிசோதனை, காசநோய் மாத்திரை. ஒரு வருடத்துக்கு மேலே விடாமல் சாப்பிட வேண்டும். கால் திரும்புமா என்று நான் டாக்டரிடம் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "திரும்பலாம். திரும்பாமலும் போகலாம். கால் மரத்துப் போறதுக்கு முன்னாடியே வந்திருந்தா இந்தக் கேள்வியே இருக்காது" என்றார்.

பட்டியலை முடித்து அவர் மேஜையில் வைத்தேன். படம் எடுத்தவர்களில் ஒருவருக்கும் நோய் முற்றவில்லை. முற்றிப்போன ஒரே ஆள் அந்த ரிஜிஸ்டரிலேயே இல்லை. இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. தேவையில்லாத படம் என்றால் வீண்செலவு, கொஞ்சம் கதிர், அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன். அது போய் இன்னொரு வீட்டில் ஆணியில் தொங்கி, தேவையான படத்தை வரவிடாமல் தடுக்கும் என்று யார் கண்டது?

"நீங்க ஜெயிச்சுட்டீங்க மேடம்" என்றேன். கசப்பாகத்தான் சொன்னேன்.

"நானும் தோத்துட்டேன் அக்கா" என்றார். "வர வேண்டியவங்க எப்படியாவது வந்துடுவாங்கன்னு உங்ககிட்டச் சொன்னேன் இல்ல?"

அதன் பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு மாற்றம். இடுப்பு வலி என்று வருகிறவர்களை டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் நான் உட்கார வைத்து விசாரிப்பேன். காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, கால் மரத்துப்போகிறதா, ஒன்றுக்குப் போவதில் சிரமம் உண்டா, விழுந்தீர்களா. அப்புறம் டாக்டர் படுக்க வைத்து முதுகைத் தொட்டுப் பார்ப்பார். எதுவும் சந்தேகம் இல்லாவிட்டால் படம் கிடையாது. எப்படிக் குனிய வேண்டும், எப்படி மூட்டை தூக்க வேண்டும் என்று செய்து காட்டி, சரியாகாவிட்டால் ஒரு மாதத்தில் வரச் சொல்லி அனுப்புவோம். ஆரம்பத்தில் நன்றாகத் திட்டு வாங்கினேன். "முன்ன இருந்த டாக்டரு தங்கமானவருங்க, கேட்டதும் எழுதிக் குடுத்துருவாரு. இந்தப் புள்ளைக்குத்தான் மனசே வரமாட்டேங்குது" என்று என் காதுபடவே பேசினார்கள். மெஷின் ரிப்பேர் என்று ஊருக்குள் வதந்திகூடக் கிளம்பியது. ஜன்னலுக்கு அடைக்கப் படம் வேண்டும் என்று அந்த அம்மா ஒரு முறை நேராகவே வந்து கேட்டார். பழுதான பிலிம் இரண்டைக் கொடுத்து அனுப்பினேன். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேன்: மூக்குக் கண்ணாடி மாதிரி ஒருத்தர் படம் ஒருத்தருக்குத்தான், இரவல் கொடுக்காதீர்கள் என்று. ஒருவருடைய மூக்குக் கண்ணாடியையே அங்கே நான்கு பேர் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் காலை, முதல் பஸ்ஸிலிருந்து அவள் இறங்கினாள். பக்கத்தில் கணவன் வந்தான், ஆனால் அவன் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. கன்னத்தில் சதை வந்திருந்தது. கையில் அந்தப் பழுப்பு உறை. என் ஸ்டூலுக்கு முன்னால் வந்து நின்று அதை நீட்டினாள்.

"இந்தப் படத்த எடுத்துக்கிட்ட எங்க அக்கா, இனி இது வேண்டாம்ட்டாங்க. உங்ககிட்டயே குடுத்துறலாம்னு கொண்டாந்தேனுங்க. மாத்திரையெல்லாம் முடிஞ்சுதுன்னு கீழ சொல்லிட்டாங்க. ஒரு படம் புடிச்சு, எல்லாம் சரியாப் போச்சான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

கீழே அவர்கள் பார்த்து முடித்து எழுதிக் கொடுத்த காகிதம் அவளிடமே இருந்தது. இன்னொரு படத்துக்கு எந்த அவசியமும் இல்லை. உலகத்தில் யாருக்காவது நான் காரணமில்லாமல் ஒரு படம் எடுக்க ஆசைப்பட்டேன் என்றால் அது அவளுக்குத்தான். எடுக்கவில்லை.

"அந்தப் பலா மரம் வரைக்கும் போயிட்டு வா கண்ணு, பார்க்கிறேன்" என்றேன்.

போனாள். மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். இடது பாதம் மட்டும் மண்ணில் லேசாக இழுபட்டது. அது இனிமேல் மாறாது என்று கீழே சொல்லிவிட்டார்களாம். அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. செருப்புக்கு வார் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "ஒண்ணுமில்லன்னு சொன்னது நான்தான்மா. என் வார்த்தைய நம்பித்தான் நீ எட்டு மாசம் படுத்துக் கிடந்த. என்னை மன்னிச்சுரு."

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கணவனை ஒரு முறை பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அட, நீங்க அதைச் சொன்னது எங்க அக்காவுக்குத்தானுங்களே" என்றாள். "என்னைத்தான் யாரும் எதுவுமே கேக்கலீங்களே."

சொல்லிவிட்டுச் சாதாரணமாகத்தான் சிரித்தாள். பஸ் ஹார்ன் அடித்தது. "வாரேனுங்க" என்று சொல்லி, இழுக்கும் காலை எட்டிப் போட்டு அவள் வேகமாக நடந்தாள். வராந்தாவில் அன்றைக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் இருந்தவரைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, எப்போதிருந்து வலிக்கிறது என்று கேட்டேன்.